உப்பங்கழியில் அலுமினியப் படகு: குழி அரிப்பும் அதற்குரிய பரிகாரமும்

ஆபத்துக் காலத்தில் ஊரில் ஒரு படகு இருப்பதன் அருமையைக் கடலூர் மாவட்டத்தாருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26-ல் கடல் பொங்கிய காலையையும், 2011 டிசம்பர் 30-ல் கரை கடந்த தானே புயலையும், 2015-ஆம் ஆண்டின் மழை வெள்ளத்தையும் கண்டவர்கள் இம்மாவட்டத்து மக்கள். 2018-லும் 2022-லும் ஆகஸ்டு மாதத்தில் கொள்ளிடம் கரை புரண்டபோது, சிதம்பரத்துக்குத் தெற்கே ஆற்றிடைத் திட்டுகளில் உள்ள கிராமங்களிலிருந்து மக்களையும் ஆடுமாடுகளையும் மீட்கப் படகுகள்தாம் உதவின. அத்தகைய நாளில் கொட்டகையிலிருந்து இழுத்து வந்து நீரில் விட்ட படகின் அடியில் நீர் கசியுமானால், அது வெறும் பண நஷ்டத்தோடு நிற்கும் காரியமாகாது.

நமது கரையோரத்தில் இன்று பெரும்பான்மையானவை கண்ணாடி நாரிழைப் படகுகளே. மரத் தோணிகளும் சில உண்டு. உடல் முழுவதும் அலுமினியத்தால் ஆன படகுகள் குறைவு. எனினும் அலுமினியம் நமது படகுத் துறைகளுக்கு அந்நியமான உலோகம் அன்று. பின்புறம் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினின் கால், அதைத் தாங்கும் சட்டம், இருக்கைத் தாங்கிகள், பெட்ரோல் தொட்டி முதலியவை பெரும்பாலும் அலுமினியக் கலவையே. மரப் படகின் அடியைக் கப்பற்புழு துளைக்காதிருக்கச் செப்புத் தகட்டுக்குப் பதிலாக அலுமினியக் கலவைத் தகட்டைப் பொதியும் முறையைக் கொச்சியில் 1957-ல் தோன்றிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ஆராய்ந்து பரிந்துரைத்தது. வெள்ள மீட்புக்குப் படகு வாங்க நினைக்கும் ஊராட்சிகளுக்கும் அலுமினியப் படகு மனத்தைக் கவரும். ஏனெனில் அது இரும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். நாலு பேர் சேர்ந்து தூக்கிச் சிறு வண்டியில் ஏற்றிவிடலாம்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்பார். அவர் கூற்றில் பாதி உண்மை. இரும்பு துருப்பிடிப்பது போல் அது மேனி முழுதும் செந்துகளாக உதிர்வதில்லை. ஆனால் உப்பு நீரில் ஓரிடம் ஈரிடமாகக் குழி விழும். இந்தக் குழி அரிப்பே அலுமினியப் படகின் பெரும் பகை.

குழி எவ்வாறு தோன்றுகிறது?

நமது வீட்டு அடுப்பங்கரையே இதற்கு நல்ல பாடசாலை. புளிக்குழம்பை இரவு முழுதும் அலுமினியப் பாத்திரத்தில் வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் கண்டிப்பதுண்டு. உவர்க் கிணற்று நீரை நாள்தோறும் காய்ச்சிய பாத்திரத்தில் முதலில் வெண்புள்ளிகள் தோன்றும். பின்பு ஊசிமுனைத் துளைகள் விழும். பாத்திரத்தின் மற்றைய பாகம் பளபளவென்றே இருக்கும். இதே செய்கைதான் கிள்ளை உப்பங்கழியில் நிற்கும் படகிலும் நிகழ்கிறது.

அலுமினியம் காற்றுப் பட்டவுடனேயே தன்மீது மிக மெல்லிய ஆக்சைடு ஏடு ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. கண்ணுக்குப் புலப்படாத இப்போர்வையே அதன் கவசம். கீறினால் மீண்டும் தானே மூடிக்கொள்ளும். ஆனால் கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. அவ்வுப்பிலுள்ள குளோரைடு, ஏட்டின் பலவீனமான இடத்தைக் கண்டு அங்கே உடைத்துக்கொண்டு உட்புகும். உள்ளே கரையும் அலுமினியம் நீருடன் வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்குகிறது. அந்த அமிலம் புதிய ஏடு தோன்றாதபடி தடுக்கிறது; மேலும் குளோரைடை உள்ளிழுக்கிறது; அதனால் இன்னும் அலுமினியம் கரைகிறது. இவ்வாறு, தொடங்கிய குழி தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். குழியின் வாயில் வெண்ணிறக் களிம்பு போன்ற மூடி அமைந்து, உள்ளிருக்கும் அமிலத்தை வெளி நீர் கழுவாதபடி காத்துக்கொண்டிருக்கும்.

வயல் வரப்பில் நண்டு வளை இருப்பதை விவசாயிகள் அறிவார்கள். வாய் சிறியது, உள்ளே குடைவு பெரியது. ஒரு நாள் வரப்பே உடையும். அலுமினியக் குழியும் பல சமயங்களில் அத்தன்மையதே. ஆகவே வெளியே கடுகளவு தெரிகிறது என்று அலட்சியம் செய்யலாகாது.

நீர் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தைக் காட்டிலும் தேங்கும் இடத்திலேதான் குழி மிகுதி. படகின் உள்ளே அடித்தட்டின்கீழ் நிற்கும் உப்பு நீர், ஈரக் கயிற்றுப் பாய், சேறு அப்பிய மூலை, இரு தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று படியும் மடிப்பு ஆகிய இவ்விடங்களில் காற்று புகாது, கவசம் புதுப்பிக்கப்படாது. சில படகுகளில் மிதப்புக்காக அடித்தட்டின்கீழ் நுரைப்பொருள் அடைத்திருப்பார்கள். அது பழையதானால் நீரை உறிஞ்சி, ஈரத்துணி போல ஆண்டு முழுவதும் தகட்டோடு ஒட்டிக் கிடக்கும். வெளிப்புறம் புதிதுபோல் தோன்றும் படகு உட்புறமிருந்தே ஓட்டையாவது பெரும்பாலும் இதனால்தான்.

செம்பும் சுண்ணாம்பும்

இரண்டு வேறு உலோகங்கள் உப்பு நீரில் நனைந்தபடி ஒன்றையொன்று தொடுமானால் அங்கு ஒரு சிறு மின்கலமே அமைந்துவிடுகிறது. அவற்றுள் தாழ்ந்த உலோகம் தின்னப்படுகிறது. அலுமினியத்துக்கும் செம்புக்கும் நேரும் சேர்க்கையில் தின்னப்படுவது அலுமினியமே. பித்தளைத் திருகாணி, செம்புக் கம்பித் துண்டு, படகின் அடியில் தவறி விழுந்த ஒரு பழைய செப்புக் காசு ஆகிய எதுவும் போதும். காரீயக் குண்டுகளும் இரும்புத் தூண்டில் முட்களும் ஈரத்தோடு அடியில் கிடந்தாலும் தீங்குதான்.

செம்பு கட்டியாக இருக்கவேண்டும் என்பதுகூட இல்லை. நீரில் கரைந்த செம்பே கொடியது. அது அலுமினியத்தின்மேல் மெல்லிய படிவாய் ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான நுண்கலங்களை உண்டாக்கிவிடும். விவசாயிகளுக்கு இதைச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஆற்றிடைத் திட்டுகளிலும் அக்கரை வயல்களிலும் பயிர் செய்வோர் உரம், மருந்து முதலியவற்றைப் படகிலேயே கொண்டுசெல்வர். மயில்துத்தம் என்பது செம்பின் உப்பு. போர்டோ கலவை, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது. மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி மயில்துத்தம் சிந்தி அடித்தட்டின்கீழ் நீரில் கரைந்துவிட்டால், உப்பு நீர் பல மாதங்களில் செய்யும் கேட்டை அது சில நாட்களில் செய்து முடிக்கும். பொட்டாஷ் உரமும் குளோரைடு உப்பே. சுண்ணாம்பு, சிமெண்டு, அடுப்புச் சாம்பல் ஆகியவை வேறு வகையில் தீங்கு செய்யும்: அவற்றின் காரத்தன்மை ஆக்சைடுக் கவசத்தையே கரைத்துவிடும். கிளிஞ்சல் சுண்ணாம்பை ஈரத்தோடு ஏற்றிய படகை அன்று மாலையே கழுவாமல் விடக் கூடாது. இப்பொருள்களை ஏற்றத்தான் வேண்டுமெனில், முதலில் ஒரு தடித்த பிளாஸ்டிக் விரிப்பை விரித்து அதன்மேல் ஏற்றுவது எளிய வழி.

எவர்சில்வர் திருகாணிகளைப் பற்றிக் கேட்பார்கள். அவையும் அலுமினியத்தினும் உயர்ந்த உலோகமே. ஆயினும் பெரிய தகட்டில் சிறு திருகாணியாக இருக்கும்வரை தீங்கு மிகுதியன்று. நைலான் வாஷர் இட்டு, நீர் புகாப் பசை தடவி முடுக்கினால் அச்சமில்லை.

படகில் பேட்டரி இருக்குமானால் மற்றொரு விஷயம் உண்டு. விளக்குக்கோ எஞ்சினுக்கோ ஒரே கம்பி இழுத்து, படகின் உடலையே மறு கம்பியாகப் பயன்படுத்தும் வழக்கம் லாரிகளில் சரி. அலுமினியப் படகில் அது கூடவே கூடாது. கசியும் மின்சாரம் வாரக் கணக்கிலேயே தகட்டைத் துளைத்துவிடும். இரு கம்பிகளும் தனித்தனியே செல்ல வேண்டும். கரை சேர்ந்ததும் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.

படகைப் பரிசோதிப்பது

இதற்குத் தகுந்த காலம் பொங்கல் கழிந்த பின், மாசி பங்குனி மாதங்கள். மழை நின்று, பனியும் குறைந்து, பூச்சு நன்றாகக் காயும். வெள்ளக் காலத்துக்கும் பல மாதங்கள் இருக்கும். ஐப்பசியில் மேகம் கறுத்த பிறகு பழுது பார்க்கப் புறப்படுவது வீண்.

படகைக் கரையேற்றி, அடித்தட்டுப் பலகைகளைக் கழற்றி, நல்ல நீரால் உள்ளும் புறமும் கழுவ வேண்டும். உலர்ந்தபின், பூச்சு கொப்புளித்துள்ள இடங்களையும் வெண்பொடி பூத்துள்ள இடங்களையும் சுண்ணக்கோலால் வட்டமிட வேண்டும். கொப்புளத்தை உடைத்துப் பார்க்கத் தயங்கக் கூடாது. குழி அதன்கீழேதான் ஒளிந்திருக்கும். வெண்பொடியைச் சுரண்டிய பிறகே ஆழம் தெரியும். ஒரு மெல்லிய ஊசியைக் குழியில் செங்குத்தாக நிறுத்தி, தகட்டின் மட்டத்தில் அடையாளமிட்டு அளவுகோலில் வைத்தால் போதுமான கணக்குக் கிடைக்கும்.

முற்றிலும் துளைத்துவிட்ட இடத்தைக் காண மூன்று வழிகள் உண்டு. இரவில் படகினுள்ளே விளக்கை வைத்து வெளியிலிருந்து பார்க்கலாம். படகை மரக்கட்டைகள்மேல் உறுதியாக நிறுத்தி, உள்ளே நாலு விரற்கிடை நீர் ஊற்றி, வெளியே சொட்டும் இடத்தைக் குறிக்கலாம்; அதற்குமேல் நிரப்பினால் எடை தாங்காது தகடு வளையும். மடிப்புகளிலும் ரிவெட் வரிசைகளிலும் ஐயமிருந்தால், வெளியே சுண்ணக்கோல் பொடியைக் குழைத்துப் பூசி உலரவிட்டு, உள்ளே மண்ணெண்ணெய் தடவினால், நீர் நுழையாத விரிசலிலும் அது நுழைந்து வெண்மையில் கறையாகக் காட்டும். பிறகு எண்ணெய்ப் பசையை முழுவதும் அகற்றாமல் எந்தப் பூச்சும் ஒட்டாது என்பதை மறக்கலாகாது.

பழுது பார்க்கும் முறை

சிறு படகுகளின் தகடு பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் கனமுள்ளது. நாம் கொள்ளும் கணக்கு இது: குழியின் ஆழம் தகட்டுக் கனத்தில் காற்பங்குக்கு உட்பட்டால் சுத்தம் செய்து பூச்சுப் பூசினால் போதும். பாதி வரை இருந்தால் எப்பாக்ஸி மக்கு இட்டு நிரப்பலாம். பாதியைத் தாண்டினாலோ, குழிகள் நெருக்கமாகச் சேர்ந்திருந்தாலோ, வெல்டிங் அல்லது ஒட்டுத்தகடு வேண்டும். மக்கு நீரைத் தடுக்குமேயன்றித் தகட்டுக்கு இழந்த பலத்தைத் தராது. இதை அறியாமல், சல்லடையாகிவிட்ட அடித்தகட்டில் மக்கைக் கிலோக் கணக்கில் அப்பி, புதுப் பூச்சுப் பூசி அழகு பார்ப்பவர்கள் உண்டு. கல்லில் ஒரு தட்டுத் தட்டினால் அத்தனையும் பெயர்ந்து விழும்.

சுத்தம் செய்வதில்தான் வேலையின் முக்கால் பங்கு உள்ளது. இரும்புக் கம்பி பிரஷ் உதவாது. அதன் துகள்கள் மெத்தென்ற அலுமினியத்தில் பதிந்து அவையே புதுக் குழிகளுக்கு வித்தாகும். எவர்சில்வர் கம்பி பிரஷ் ஒன்றைப் புதிதாக வாங்கி, அதை இரும்பு வேலைக்குக் கொடாமல் தனியே வைத்துக்கொள்வது நலம். குழியின் அடியில் பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, வெந்நீரால் பலமுறை கழுவ வேண்டும். உப்பு ஒரு துளி குழியினுள் தங்கினாலும் மக்கின்கீழ் அரிப்புத் தொடரும். நன்றாக உலர்த்தி, அன்றைய தினமே அலுமினியத்துக்கென்று விற்கும் எப்பாக்ஸி அடிப்பூச்சை ஒரு கை பூசிவிட வேண்டும். இரவு தங்கவிட்டால் பனி ஈரம் படிந்து வேலை கெடும். அடிப்பூச்சு காய்ந்ததும் மக்கு, அது இறுகியபின் உப்புத்தாள், பின்னர் மீண்டும் அடிப்பூச்சு இரண்டு கை, அதன்மேல் மேற்பூச்சு. வேலை செய்பவர் கையுறை அணியட்டும். எப்பாக்ஸி சிலருக்குத் தோலில் கடும் அரிப்பை உண்டாக்கும்.

கடைகளில் இரும்புக்கென்று விற்கும் சிவப்பு நிற ரெட் லெட் பெயிண்டில் ஈயம் உண்டு. அதை அலுமினியத்தில் பூசக் கூடாது. அவ்வாறே, சிப்பியும் பாசியும் ஒட்டாதிருக்கப் பூசும் பூச்சுகள் பலவற்றில் செம்பு உள்ளது. செம்பில்லாப் பூச்சு என்று கேட்டு, டப்பாவின்மேல் உள்ள விவரத்தையும் படித்துப் பார்த்தே வாங்க வேண்டும். நித்தமும் கரையேற்றும் படகுக்கு அப்பூச்சே தேவையில்லை.

வெல்டிங் வேண்டுமெனில், சாதாரண இரும்புப் பட்டறையில் அது ஆகாது. அலுமினியம் சுமார் 660 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடும். அதன் ஆக்சைடோ 2000 டிகிரிக்குமேல்தான் உருகும். மேல் ஏட்டை அகற்றாமல் சூடேற்றினால் உள்ளே உலோகம் கூழாகி ஒழுகும், மேல் ஏடு அப்படியே நிற்கும். ஆகையால் ஆர்கான் வாயு வெல்டிங் தெரிந்த பட்டறைக்கே படகைக் கொண்டுபோக வேண்டும். படகுத் தகடு மக்னீசியம் கலந்ததாயின், அதற்கேற்ற 5356 என்னும் நிரப்புக் கம்பியைக் கேட்கலாம். பெட்ரோல் தொட்டியையும் மிதப்பு நுரையையும் முன்னதாகவே அகற்றிவிட வேண்டும். நுரை எரிந்து எழும் புகை நஞ்சு.

ஒட்டுத்தகடு வைப்பது கிராமத்திலேயே செய்யக்கூடிய வேலை. பழுதான இடத்தைச் சுற்றி நல்ல தகட்டில் இரண்டு அங்குலம் படியும்படி, அதே வகை அலுமினியத் தகட்டை வெட்டி, மூலைகளை வட்டமாக்கிக்கொள்ள வேண்டும். இரு தகடுகளுக்கும் இடையே பாலியூரித்தேன் பசையை இடைவெளியின்றித் தடவாவிட்டால், ஒட்டின் அடியே புதுக் குழிகளுக்கு நாமே இடம் செய்து கொடுத்தவர்களாவோம். காடி வாடை வீசும் மலிவான சிலிக்கோன் பசை இதற்கு ஆகாது. ரிவெட் முழு அலுமினியமாய் இருக்க வேண்டும். சாதாரணப் பாப் ரிவெட்டின் நடுவே இரும்பு ஆணித் துண்டு தங்கிவிடும், அது துருப்பிடிக்கும்.

துத்தநாகக் கட்டியின் பயன்

வேறு உலோகம் சேர்ந்தால் தாழ்ந்தது தின்னப்படும் என்றோம். அதே நியதியை நமக்கு நன்மையாகத் திருப்பிக்கொள்ளலாம். அலுமினியத்தினும் தாழ்ந்த ஓர் உலோகக் கட்டியைப் படகின் அடியில் பொருத்தினால், அது தான் கரைந்து படகைக் காக்கும். மீனவர்கள் ஜிங்க் கட்டி என்பது இதையே. அவுட்போர்டு எஞ்சின் காலிலும் சிறியதாக ஒன்று இருப்பதைக் காணலாம். இத்தகைய மின்வேதியியல் துறைக்கென்றே நமது மாநிலத்தில், காரைக்குடியில், வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948-ல் பண்டித நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் இயங்கி வருகிறது. அரிப்புத் தடுப்பு அதன் முக்கிய ஆராய்ச்சிகளுள் ஒன்று.

நமது பகுதியில் எந்தக் கட்டி ஏற்றது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சுத்தக் கடல் நீரில் துத்தநாகம் நன்கு வேலை செய்யும்; நன்னீரில் அதன்மேல் ஓடு படிந்து செயலற்றுப்போகும். நன்னீருக்கு மக்னீசியம் ஏற்றது; உப்பு நீரிலோ அது மிகையாக வேலை செய்து காரத்தை உண்டாக்கிப் படகுத் தகட்டையே கெடுக்கும். வெள்ளாற்று முகத்துவாரத்திலும் பிச்சாவரம், கிள்ளைக் கழிகளிலும் கோடையில் கடலுக்கு நிகரான உப்பு. கார்த்திகை மழையில் ஏறக்குறைய நன்னீர். ஆகவே இரண்டிலும் கரையும் இண்டியம் கலந்த அலுமினியக் கட்டியே இங்கு பொருத்தமானது என்பது நமது அபிப்பிராயம்.

கட்டியைப் பொருத்தும் இடத்தில் பூச்சை நீக்கி, உலோகத்தோடு உலோகம் தொடும்படி முடுக்க வேண்டும். அதன்மேல் பூச்சுப் பூசினால் அது வெறும் பாரமே. பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். ஆறு மாதம் உப்பு நீரில் கிடந்தும் கட்டி சிறிதும் கரையவில்லை என்றால் மகிழ வேண்டாம். அது படகோடு சரியாக இணையவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். நீரில் மூழ்கியிருக்கும் பாகத்தை மட்டுமே கட்டி காக்கும். படகினுள் தேங்கும் நீருக்கும், கொட்டகையில் கிடக்கும் படகுக்கும் அதனால் பயனில்லை.

ஊராட்சிப் படகு ஆண்டில் பெரும்பகுதி கொட்டகையிலேதான் இருக்கும். அதனால் அதற்குரிய பாதுகாப்பு எளியது, செய்வார்தாம் வேண்டும். பயன்படுத்திய அன்றே நல்ல நீரால் கழுவி, அடியிலுள்ள நீர்போக்கி அடைப்பானைக் கழற்றி, மூக்குப் புறம் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். ஈர மணலிலோ சேற்றிலோ கிடத்தாமல், உலர்ந்த பனங்கட்டைகள்மேல் ரப்பர்த் துண்டு போட்டு வைக்கலாம். அக்கொட்டகையிலேயே உர மூட்டைகளை அடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதைத் தவிர்க்க வேண்டும். எஞ்சினையும் நல்ல நீர்த் தொட்டியில் சில நிமிஷங்கள் ஓட்டி, அதன் உள்வழிகளிலுள்ள உப்பைக் கழுவுவது அவசியம்.

படகுக்கென்று ஒரு குறிப்பேடு போட்டு, ஆண்டுதோறும் கண்ட குழிகளின் எண்ணிக்கை, மிக ஆழ்ந்த குழியின் அளவு, கட்டி மாற்றிய தேதி ஆகியவற்றை எழுதி வைத்தால், புதிதாக வரும் தலைவருக்கும் எழுத்தருக்கும் படகின் நிலை தெரியும். சென்ற ஆண்டு அரை மில்லிமீட்டராக இருந்த குழி இவ்வாண்டு ஒன்றாகியிருக்குமானால் அடுத்த ஆண்டுக்குக் காத்திராமல் வரவு செலவுத் திட்டத்தில் தொகை ஒதுக்கலாம். அடித்தகட்டின் பெரும் பகுதியில் குழிகள் பாதிக் கனத்தைத் தாண்டிவிட்ட படகை மீட்பு வேலைக்கு வைத்திருக்கலாகாது. எஞ்சினையும், நல்ல நிலையிலுள்ள சட்டங்களையும், பாதிக்குமேல் எஞ்சிய கட்டியையும் கழற்றிக்கொண்டு, உடலை எடைக்குப் போட்டுவிடலாம். பழைய அலுமினியத்தை உருக்கி மீண்டும் பயன்படுத்துவதால் அதற்கு எப்போதும் விலை உண்டு. விற்குமுன் எவர்சில்வர், பித்தளை, இரும்புப் பாகங்களைப் பிரித்துவிட்டால் எடைக்கடைக்காரர் கழிவு பேசுவதற்கு இடமிராது.